பாட்டுக்கு முன்னால் ஒரு பெயர்

இந்த ஊரில் பாடுகிறவர்கள் பாட்டுக்கு முன்னால் எதுவும் சொல்வதில்லை. மேடை இருந்தால் ஏறுகிறார்கள். பெரும்பாலும் அதுவும் கிடையாது, பப்பின் பின்னறையில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நிற்கிறார்கள். கிட்டாரைத் திருகிச் சுருதி சேர்க்கிறார்கள். பிறகு தங்கள் ஷூவையே பார்த்தபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். என்ன பாட்டு, யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார், ஒன்றும் தெரியாது. முடிந்ததும் நன்றிக்குப் பதிலாக ‘சியர்ஸ்’ என்று ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். நான் வந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. ‘நவ் தென்’ என்றால் வணக்கம், சாயங்காலம் ஐந்து மணிக்கே ராச்சாப்பாடு, தூறலுக்குக் குடை விரிப்பவன் வெளியூர்க்காரன் என்று எத்தனையோ விஷயங்களுக்குப் பழகிவிட்டேன். இதற்கு மட்டும் பழகவில்லை. பெயர் சொல்லாமல் ஒரு பாட்டு தொடங்கும்போதெல்லாம் யாரோ செருப்புக் காலோடு வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

ஊரின் பெயர் ஹல். தாம்பரத்தில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்கு இங்கிலாந்து முழுவதுமே லண்டன்தான், ஆகவே அவர்கள் கணக்கில் நான் லண்டனில் இருக்கிறேன். உண்மையில் லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் வடக்கே வந்து, தண்டவாளம் இதற்குமேல் போக இடமில்லை என்று நிற்கிற துறைமுகம் இது. ஒரு காலத்தில் இங்கிருந்து மீன்பிடிக் கப்பல்கள் ஐஸ்லாந்துக் கடல்வரை போய்வந்தன. நான் வருவதற்கு வெகு முன்பே ஐஸ்லாந்துக்காரர்கள் அந்தக் கடலைத் தங்களுடையது என்று சொல்லிவிட்டார்கள். கப்பல்கள் பழைய இரும்புக்குப் போயின. மீன் கிடங்குகள் காலியாகின, அவற்றுக்குள் இசைக்குழுக்கள் புகுந்துகொண்டன. எனக்குப் பால் போடுகிறவர் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். காஸ் அடுப்பைப் பார்க்க வந்தவர் டிரம்ஸ். நூலகத்தில் முத்திரை குத்தும் பெண் வாரம் ஒருமுறை உதட்டில் கருப்பு மை பூசிக்கொண்டு பாடுகிறாள். விளக்குக் கம்பம் பாக்கியில்லாமல் ஜெராக்ஸ் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். இவர்கள் எல்லோரும் தாங்களே எழுதித் தாங்களே மெட்டுப் போட்டதைத்தான் பாடுவார்கள். அடுத்தவன் பாட்டைப் பாடுவது இங்கே கேவலம். எங்கள் ஊரில் சொந்தப் பாட்டைப் பாடுவதுதான் கேவலமாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் தாம்பரத்தில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் வாசித்தவர்கள் சேர்ந்து, மற்ற நாட்களில் கல்யாண வரவேற்புகளுக்குப் போனோம். செல்வின் கீபோர்டு. லில்லி அக்கா குரோம்பேட்டையில் நர்ஸ், பெண்குரல் பாட்டுகளெல்லாம் அவர். நான் கிட்டார் என்று பெயர், ஆனால் என் உண்மையான வேலை மைக்கில் அறிவிப்பது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் என் உச்சரிப்பு சுத்தமாக இருந்தது, வாசிப்பு அவ்வளவு சுத்தமில்லை. “அடுத்து வரும் பாடல், இந்தப் படத்திலிருந்து, பாடல் இன்னார், இசை இன்னார், பாடியவர்கள் இன்னார், உங்களுக்காக வழங்குபவர்கள்…” என்று நான் குரலைத் தாழ்த்தி, எக்கோ வைத்துச் சொல்லி முடித்த பிறகுதான் தபேலாவில் கை விழும். அந்த அறிவிப்பு இல்லாமல் யாரும் பாட்டைக் கேட்க மாட்டார்கள். பெண்ணின் பெரியப்பா ரேடியோவில் எப்படிக் கேட்டாரோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு சங்கதி கூடவோ குறையவோ கூடாது. கூடினால் பந்தியில் உட்கார்ந்தபடியே, “என்னப்பா, பாட்டே தப்பா வருது” என்று சத்தம் போடுவார்.

மேடையின் விளிம்பில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருப்போம். விருப்பப் பாடல்களைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். ஒரு வரவேற்புக்கு நாற்பது சீட்டாவது விழும். பாட முடியாத சீட்டுகளையெல்லாம் செல்வின் நான்காக மடித்து, கீபோர்டு ஸ்டாண்டின் குட்டைக் காலுக்கு அடியில் செருகுவான். அந்த ஸ்டாண்டு வாங்கியதிலிருந்தே ஒரு கால் குட்டை. கடைசியில் நான், “நேரமின்மை காரணமாக மற்ற நேயர்களின் விருப்பத்தை நிறைவேற்ற முடியவில்லை, மன்னிக்கவும்” என்று சொல்வேன். சொல்லும்போதே செல்வின் காலால் ஸ்டாண்டைத் தட்டிக் காட்டுவான். நேயர்கள் விருப்பம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு மட்டும் தெரியும், லில்லி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

செல்வின் பம்மல்காரன். அவன் அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். அவர் ஸ்பூனில்தான் சாப்பிடுவார். சர்ச்சில் எல்லோரும் அதைப் பார்த்து, ‘துரை’ என்று பெயர் வைத்திருந்தார்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஒருநாள் செல்வின் வீட்டில் சாப்பிட்டபோதுதான் புரிந்தது. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அவர் கையிலிருந்து தோல் வாடை போகவில்லை. அந்தக் கையை வாய்க்கருகே கொண்டுபோனால் அவருக்கே குமட்டும். செல்வின் அதை ஒரு பாட்டாக எழுதினான்.

‘சோப்பு கரஞ்சிபோச்சு, வாடை கரையலியே,
சோறு முன்னால கீது, கை வந்து சேரலியே.’

இன்னும் மூன்று சரணங்கள் உண்டு. நான் அதுவரை கேட்டதில் மிகச் சிறந்த பாட்டு அது. அன்றைக்கே எனக்கு அவன்மேல் பொறாமை வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதை மேடையில் எப்படி அறிவிப்பது? “பாடல் செல்வின், இசை செல்வின்” என்று சொன்னால் கூட்டம் சாப்பிடப் போய்விடும். நான்தான் வழி கண்டுபிடித்தேன். “விரைவில் திரைக்கு வரவிருக்கும் ‘மேற்கே ஒரு ஜன்னல்’ என்ற படத்திலிருந்து” என்று ஒரு போடு போட்டேன். அப்படியொரு படம் கிடையாது. ஒரு நாற்காலி நகரவில்லை. பல்லாவரத்து மண்டபத்துக்கு மேலே விமானம் தாழப் போனபோது, சத்தம் ஓயும்வரை செல்வின் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வாசித்தான், கூட்டம் அதற்கும் காத்திருந்தது. மூன்று மாதம் கழித்து ஊரப்பாக்கத்தில் ஒருவர் மேடைக்கே வந்து, “அந்தப் படத்தப் பாத்தேன் தம்பி. பாட்டு ஓகே, கதைதான் வேஸ்ட்” என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். செல்வினும் சிரித்தான், ஆனால் எங்களுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டான். அதன்பிறகு நாற்பது ஐம்பது மேடைகளில் அந்தப் பாட்டைப் பாடியிருப்போம். ஒவ்வொரு முறையும் இல்லாத படத்தின் பெயரைச் சொன்னேன், ஒருமுறைகூட இருக்கிற ஆளின் பெயரைச் சொல்லவில்லை.

என் அக்காவின் கணவர் ஹல்லில் டாக்டர். அத்தான் கைகாட்டியதால் எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் படிக்க இங்கே வந்தேன், பிறகு நகராட்சி அலுவலகத்தில் வேலை கிடைத்துத் தங்கிவிட்டேன். கிளம்பிய அன்று மீனம்பாக்கத்தில் எல்லோரும் ஊறுகாய், முறுக்கு என்று கொடுத்தபோது செல்வின் ஒரு கேசட்டைக் கொடுத்தான். அவனே பாடி, டேப்ரிக்கார்டரில் பதிவு செய்தது.

“மச்சான், அங்க போய் நீ இன்னா வேணா பண்ணு. இத்த பாடு, பாடாத போ. ஆனா பாடுனேன்னு வையி, என் பேர சொல்லிட்டுப் பாடு. இங்க ஒரு தபா கூட சொல்லல இல்ல? அங்கியாவது சொல்லு.”

“இது என்னடா கேள்வி. முதல்ல உன் பேர்தான்” என்றேன். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. என் விலாசம் எழுதிய காகிதத்தைக்கூட நான்தான் அவன் பையில் திணித்தேன்.

டேவை எனக்குப் பழக்கமாக்கியது ஒரு விளக்குக் கம்பம். ‘கிட்டார் வாசிப்பவர் தேவை, நல்லவராக இருக்க வேண்டிய அவசியமில்லை’ என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தான். நல்ல வாசிப்பைச் சொல்கிறானா, நல்ல குணத்தைச் சொல்கிறானா என்று யோசித்தபடியே போனேன். இருபத்தைந்து வயது, மீன்பிடிக் கப்பலில் போனவரின் மகன், பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து வேலை இல்லை. ஞாயிறு மதியங்களில் ஒரு பழைய மீன் கிடங்கில் ஒத்திகை. கிடங்கு காலியாகிப் பத்து வருடம் ஆகியும் சுவரிலிருந்து மீன் வாடை வீசியது. மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள், பம்மல் பக்கம் பஸ்ஸில் போய்வந்த எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

என் முதல் நிகழ்ச்சியன்று, கோடைகாலம், பின்னறை ஜன்னலில் நல்ல வெயில். டேவ் வழக்கம்போலத் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பொறுக்கமாட்டாமல் மைக்கைப் பிடித்தேன். சீமாட்டிகளே, சீமான்களே என்று தொடங்கி, அடுத்து வரும் பாடல், எழுதியவர் டேவ், இசை டேவ், டிரம்ஸ் இன்னார் என்று தாம்பரத்துக் குரலில், தாம்பரத்து ஏற்ற இறக்கத்தோடு ஆங்கிலத்தில் அறிவித்தேன்.  எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லு” என்றான். நான் நகைச்சுவை செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் இன்னொரு தடவை சொன்னேன். அதன்பிறகு எந்தப் பப்புக்குப் போனாலும் யாராவது என் குரலில், என் உச்சரிப்பில், சீமாட்டிகளே என்று ஆரம்பிப்பார்கள். மளிகைக் கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட ஒருவன் செய்தான். வெறுப்பால் செய்யவில்லை, அன்பாகத்தான் செய்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. ஆறு மாதத்தில் நானும் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டேன்.

செல்வினின் பாட்டை நான் திட்டமிட்டு எடுக்கவில்லை. ஒரு ஞாயிறன்று டிரம்ஸ்காரன் தாமதமாக வந்தான். காத்திருந்த நேரத்தில் விரல் தானாக அந்த மெட்டுக்குப் போனது, வாயும் போனது. டேவ் என்ன வரிகள் என்று கேட்டான். சோப்பு கரைந்துவிட்டது, வாடை கரையவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டான். அவன் அம்மா மீன் வெட்டும் இடத்தில் வேலை பார்த்தவள். சனிக்கிழமை நடனத்துக்குப் போகும்முன் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பிழிந்து கையைத் தேய்ப்பாளாம், அப்படியும் யாரும் அவள் கையைப் பிடித்து ஆட மாட்டார்களாம். அவன் என்னிடம் சொந்த விஷயம் பேசியது அதுவே முதல் முறை. பிறகு கேட்டான்:

“இது ரொம்பப் பழைய பாட்டா?”

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் அதிகமில்லை. செல்வின் என்று சொல்லியிருக்கலாம். என் நண்பன், உன் வயதுதான், உன்னைப் போலவே வேலையில்லாதவன், ஒரு மணி நேரத்தில் எழுதினான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் டேவின் கண்ணில் இருந்த அந்த வெளிச்சம் என்னைத் தாண்டிப் பம்மலுக்குப் போய்விடும். நான் எழுதினேன் என்று பொய் சொல்லத் தைரியமில்லை. நான் எழுதவில்லை என்று சொல்வதைவிட, யாரும் எழுதவில்லை என்று சொல்வது சுலபமாக இருந்தது.

“ஆமாம், ரொம்பப் பழசு. எங்கள் பக்கத்து நாட்டுப்புறப் பாட்டு. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது” என்றேன்.

“அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்” என்றான் டேவ், பக்தியோடு.

அந்தப் பாட்டால் எங்கள் குழுவுக்கு ஊரில் ஒரு மரியாதை வந்தது. டேவ் அதன்மேல் கிட்டாரில் ஒரு இரைச்சலைப் போட்டான், கடலடியில் சங்கிலி இழுபடுகிற மாதிரி. நான் தமிழில் பாடினேன். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, எல்லோரும் அசையாமல் நின்றார்கள். பல்லாவரத்துக் கூட்டத்துக்குச் சொந்தப் பாட்டென்றால் படத்தின் பெயர் வேண்டியிருந்தது. ஹல் கூட்டத்துக்குத் தோல் கறுத்தவன் பாட்டென்றால் ஆயிரம் வருடம் வேண்டியிருந்தது. இருவருக்கும் செல்வின் வேண்டியிருக்கவில்லை, இரண்டு இடத்திலும் நான்தான் மைக்கில் நின்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பழைய ரெக்கார்டு விற்கும் கடையின் மாடியிலிருந்து கேசட் வெளியிடும் ஒருவர் எங்கள் ஐந்து பாட்டுகளைப் போட முன்வந்தார். அச்சுக்குப் போகுமுன் உறையின் மாதிரியை டேவ் என் அலுவலகத்துக்கே கொண்டுவந்து காட்டினான். நான்கு பாட்டுக்குக் கீழே அவன் பெயர். ஐந்தாவதற்குக் கீழே ‘மரபுப் பாடல்’ என்று ஆங்கிலத்தில். எல்லாம் சரியா பார் என்றான். நான் பேனாவை எடுத்து, கிட்டார் என்பதற்கு எதிரே என் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தினேன். வேறு திருத்தம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்து செய்ததுதான் இதில் கேடுகெட்ட காரியம். செல்வினுக்கு ஒரு கேசட் அனுப்ப வேண்டும் என்று ஆசை வந்தது. அச்சிட்ட உறையை உருவிவிட்டு, கெட்டி அட்டையை அளவெடுத்து வெட்டி, கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் அழகாக எழுதினேன். ‘பாடல், இசை: பம்மல் செல்வின்.’ இங்கே எல்லா உறையும் இப்படிக் கையால்தான் செய்வார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன். உலகத்தில் அப்படியொரு உறை அது ஒன்றுதான்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ‘மச்சான், அப்பா அந்த அட்டையை கர்த்தர் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் லண்டனில் என் மகன் பெயர் போட்டிருக்கிறார்கள் என்று காட்டுகிறார். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய்.’ அதைப் படித்துவிட்டு மனம் நிறைந்து அழுதேன். என் நல்ல குணத்தை நினைத்து அழுதேன் என்பதுதான் உண்மை. அதன்பின் நான்கைந்து கடிதங்கள் வந்தன. பிறகு நின்றுவிட்டன. வேலை, கல்யாணம் என்று இருப்பான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

போன டிசம்பரில் லில்லி அக்காவின் மகளுக்குக் கல்யாணம் என்று ஊருக்குப் போனேன். பல்லாவரத்தில் அதே மண்டபத்தில் வரவேற்பு, புதிதாகப் பிங்க் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேடையில் செல்வினின் ஆர்கெஸ்ட்ரா. பளபளக்கும் கோட்டு, முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. இப்போது அறிவிப்பும் அவனே. என்னைப் பார்த்ததும் மைக்கிலேயே, “லண்டன் மாநகரிலிருந்து நம் மணமக்களை வாழ்த்த வந்திருக்கும் அருமை நண்பர் தயா அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்” என்றான். கூட்டம் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. ஏற்ற இறக்கம், எக்கோ எல்லாம் அப்படியே என்னுடையது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

லில்லி அக்கா என்னை ஓரமாக உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். பட்டுப்புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி, “செல்வின் அப்பா போனது தெரியுமில்ல?” என்றார்.

“தெரியாது அக்கா. அவன் எழுதவே இல்லை.”

“அஞ்சு வருஷமாச்சு. நீ உன் கையால எழுதி அனுப்பினியே ஒரு அட்டை, அத அவரோட பெட்டிக்குள்ள வெச்சுதான் அடக்கம் பண்ணாங்க. நெஞ்சு மேல வெச்சான் செல்வின். பாஸ்டரே அதப் பத்தி ரெண்டு வார்த்த பேசுனாரு.”

 அக்கா என் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தார்.

“அடுத்த மாசமே உங்க அத்தான் லீவுல வந்தாரு. மச்சினன் கேசட் போட்டிருக்கான்னு பெருமையா சர்ச்சுல பத்துப் பேருக்குக் குடுத்தாரு. அச்சடிச்ச அட்டையோட. எனக்கு ஒண்ணு, செல்வினுக்கு ஒண்ணு. அவன் அத கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். தோண்டி எடுத்துடலாமா அக்கான்னு என்னைக் கேட்டான். என்னத்தடா தோண்டுவன்னு சொல்லி அனுப்பிட்டேன்.” பிறகு யாரோ பெரியவர் வரவும், “வாங்க வாங்க” என்று எழுந்து போய்விட்டார்.

மேடை விளிம்பில் அதே மாதிரி எவர்சில்வர் தட்டு இருந்தது. அழைப்பிதழ் உறையின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதினேன். ‘அடுத்து வரும் பாடல் எந்தப் படத்திலும் இல்லை. பாடல், இசை: பம்மல் செல்வின். விருப்பம்: தயா.’ இதை அவன் மைக்கில் படிக்க வேண்டும், இந்த மண்டபத்தில், இந்தச் சனத்துக்கு முன்னால், என் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிறகு நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று முடிவு செய்திருந்தேன். நானே எழுந்துபோய்த் தட்டில் போட்டேன். அவன் அப்போது வாசித்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பாட்டு முடிந்ததும் தட்டை எடுத்தான். என் சீட்டுதான் மேலே இருந்தது. படித்தான். ஒரு சினிமாப் பாட்டின் சீட்டைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் படித்தான். நான்காக மடித்து, குனிந்து, கீபோர்டு ஸ்டாண்டின் காலுக்கு அடியில் செருகினான். ஸ்டாண்டு புதியது, நான்கு காலும் சரியாகவே இருந்தன. நிமிர்ந்து மைக்கைப் பிடித்தான்.

“நேரமின்மை காரணமாக மற்ற நேயர்களின் விருப்பத்தை நிறைவேற்ற முடியவில்லை, மன்னிக்கவும்.”

மணி ஏழரைதான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் வாசித்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் படம், பாடல், இசை, பாடியவர்கள் என்று ஒருவர் பெயர் விடாமல் சொன்னான்.

பந்தியில் அவனே என் இலைக்கு எதிரில் வந்து நின்றான்.

“இன்னா மச்சான், ஒண்ணுமே துண்ணாம குந்திகினு கீற? பிரியாணி நல்லால்லியா?”

“செல்வின், அந்தப் பாட்டு…”

“எந்தப் பாட்டு?”

“உன் பாட்டுடா.”

“அதுவா?” அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் அவன் காலைப் பிடித்திருப்பேன். “அத்த யாரு எழுதனதுன்னே தெரியாதாமே மச்சான். அச்சடிச்சே போட்டுட்டானுங்க. எவனோ செத்துப் பூட்டவன் பாட்டு. அத்த போயி என் பேர்ல எப்படிப் பாட்றது, தப்பில்ல?” பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டான். “அண்ணா, லண்டன்காரருக்கு இன்னொரு பீஸ் வைங்க, வெக்கப்பட்றாரு.”

இலையில் விழுந்த கறித்துண்டைச் சாப்பிட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சாப்பிடாமல் இருக்க முடியவில்லை.

திரும்பி வந்து டேவிடம் உண்மையைச் சொன்னேன். குழு எப்போதோ கலைந்துவிட்டது, அவன் இப்போது கேரவன் என்கிற சக்கரம் வைத்த வீடுகள் செய்யும் தொழிற்சாலையில் கதவு பொருத்துகிறான். கேட்டுவிட்டு, “பரவாயில்லை, நல்ல பாட்டு” என்றான். எனக்கு ஆறுதல் சொல்கிறானாம். உறையைத் திருத்த வேண்டும் என்றேன். அந்தக் கேசட்டே இப்போது யாரிடமும் இல்லை, எதைத் திருத்துவது என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான்.

இப்போது வியாழக்கிழமைகளில், யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று விட்டிருக்கும் ஒரு பப்பில் நான் தனியாக வாசிக்கிறேன். வாசிப்பதற்கு முன்னால் பழைய முறைப்படி அறிவிக்கிறேன். பாடல், இசை: பம்மல் செல்வின் என்று, சீமாட்டிகளே சீமான்களே என்று தொடங்கி, குரலைத் தாழ்த்தி. சிலர் சிரிக்கிறார்கள், புதிதாக வந்த மாணவர்கள் சிரிக்கலாமா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்கள். இந்தப் பெயரைக் கேட்டு ஒரு தலை திரும்பக்கூடிய ஊரில் இதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம் என்கிற ஊரில் ஒருவருக்கும் இது தேவையில்லை.

என் காலருகே ஒரு காலி பியர் கிளாசை வைத்துக்கொள்கிறேன், விருப்பச் சீட்டுப் போட. அது எதற்கென்று இங்கே யாருக்கும் தெரியாது, போன வாரம் ஒருவர் அதில் சிகரெட் சாம்பலைத் தட்டினார். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே, பல்லாவரத்தில் எழுதிய வரிகளையே ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்கிறேன். என் முறை வந்ததும் முதலில் அதை நானே கிளாசில் போடுகிறேன். பிறகு நானே குனிந்து எடுத்து, பிரித்து, மைக்கில் படிக்கிறேன்.